லெஃபேவ்ர்: ஒரு கொல்லர் பெயரின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வரலாற்றெழுத்தின் திசையை மாற்றியவர்களில் மூவரை எடுத்துக்கொள்வோம். லூசியன் ஃபேவ்ர், மார்க் பிளோக்குடன் சேர்ந்து 1929-இல் ‘அன்னால்’ இதழைத் தொடங்கியவர். ஜார்ஜ் லெஃபேவ்ர், பிரெஞ்சுப் புரட்சியைப் பாரிஸ் மன்றங்களில் மட்டும் தேடாமல் வடபுலத்து உழவர்களின் களத்துமேட்டிலும் தேடியவர். ஜாக் லெ கொஃப், இடைக்கால மனிதர்கள் நேரத்தையும் உழைப்பையும் பாவத்தையும் எப்படி எண்ணினார்கள் என்று எழுதியவர். முதலாமவரின் குடும்ப வேர் கிழக்கே ஃபிரான்ஷ்-கோம்தே மாகாணத்தில் இருக்கிறது. இரண்டாமவர் பெல்ஜிய எல்லையை ஒட்டிய லீல் நகரத்துக்காரர். மூன்றாமவர் தெற்கே தூலோன் துறைமுகத்தில் பிறந்தாலும் தந்தைவழியில் பிரிட்டனிக்காரர். இவர்களுக்குள் எந்தச் சொந்தமும் கிடையாது. ஆனால் மூன்று குடும்பப்பெயர்களையும் தமிழில் பெயர்த்தால் ஒரே சொல்தான் வரும்: கொல்லர்.

பிரான்சில் பெயர்களை எண்ணுகிறவர்கள் இவற்றைத் தனித்தனிப் பெயர்களாகவே எண்ணுகிறார்கள். எழுத்து வேறு, ஒலி வேறு, ஊர் வேறு என்பதால் அது சரியான கணக்குதான். ஆனாலும் இந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பிரான்ஸ் என்ற நாட்டில் ஒரு காலத்தில் பேசப்பட்ட மொழிகளின் படமே விரிகிறது. அந்த மொழிகளில் பலவற்றை இன்று தெருவில் கேட்க முடியாது. வீட்டுக் கதவில் மாட்டிய பெயர்ப்பலகையில் மட்டும் அவை நிற்கின்றன.

எல்லாவற்றுக்கும் வேர் லத்தீன் மொழியின் ‘ஃபாபெர்’. கடினமான பொருளை அடித்தும் செதுக்கியும் வேலை செய்கிற கைவினைஞர் எவரையும் ரோமர்கள் அப்படி அழைத்தார்கள். இரும்பு வேலை செய்பவர் ‘ஃபாபெர் ஃபெராரியுஸ்’, மரவேலை செய்பவர் ‘ஃபாபெர் திக்னாரியுஸ்’, வெண்கலத்தில் செய்பவர் ‘ஃபாபெர் ஏராரியுஸ்’. கொல்லர், தச்சர், கன்னார், தட்டார், சிற்பி எல்லாரையும் கம்மாளர் என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். லத்தீன் விவிலியத்தில் இயேசுவின் தந்தை யோசேப்பைக் குறிக்கும் சொல்லும் ‘ஃபாபெர்’தான். அவர் தச்சர் என்று மரபு சொல்கிறது.

ரோமப் பேரரசு சரிந்து, பழைய பிரான்சான ‘கால்’ நாட்டின் லத்தீன் மெல்ல மெல்லப் பிரெஞ்சாகவும் அதன் உறவு மொழிகளாகவும் மாறிய நூற்றாண்டுகளில் இந்தச் சொல்லின் பரப்பு சுருங்கியது. மரம் ‘ஷார்ப்பாந்தியே’ என்ற வேறொரு சொல்லுக்குப் போயிற்று. இரும்பு ‘ஃபேவ்ர்’ என்ற சொல்லிடம் நின்றது. அந்தச் சுருக்கமும் ஒரேயடியாக நடக்கவில்லை. 1268 வாக்கில் பாரிஸ் நகர நிர்வாகி எத்தியேன் புவாலோ, நகரத்தின் ஏறத்தாழ நூறு தொழிற்குழுக்களின் விதிகளை ஒரே ஏட்டில் தொகுத்தார். அதில் கத்தி செய்பவரும் ஒரு வகை ஃபேவ்ர்தான். பொற்கொல்லர் ‘ஓர்ஃபேவ்ர்’, அதாவது பொன் ஃபேவ்ர். தனிச்சொல்லாக ஃபேவ்ர் இன்று பிரெஞ்சு மொழியில் செத்துவிட்டது. ஓர்ஃபேவ்ர் மட்டும் பிழைத்திருக்கிறது. பாரிஸ் குற்றப்புலனாய்வுத் துறையின் பழைய முகவரியான ‘கே தேஸ் ஓர்ஃபேவ்ர்’, துப்பறியும் கதைகள் வழியே உலகம் அறிந்தது. பொற்கொல்லர் கரை என்பது அதன் பொருள்.

ஒரே லத்தீன் சொல் எப்படி இத்தனை பெயர்களானது? இங்கே கொஞ்சம் நின்று ஒலிகளைக் கவனிக்க வேண்டும். லத்தீனில் அழுத்தம் பெற்ற ‘ஆ’ ஒலி, பிரான்சின் வடபாதியில் ‘ஏ’ ஆனது. இரண்டு உயிர்களுக்கு நடுவிலோ ‘ர்’ ஒலிக்கு முன்னோ வந்த ‘ப்’ இளகி ‘வ்’ ஆனது. உதட்டுக்கான லத்தீன் சொல் ‘லாப்ர’. வடக்கே அது ‘லேவ்ர்’. அதே தடத்தில் ‘ஃபாப்ரு’ என்ற வடிவம் ‘ஃபேவ்ர்’ ஆயிற்று. ஆட்டைக் குறித்த ‘காப்ர’ வடக்கே ‘ஷேவ்ர்’ ஆனது. தெற்கே இன்றும் கிட்டத்தட்ட ‘காப்ரோ’தான். உதடும் ஆடும் கொல்லரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு நடந்தார்கள். ஒலிமாற்றம் சொல்லின் பொருளைப் பார்த்து நடப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தெற்கே, ஒக்சித்தான் மொழி வழங்கிய பரந்த நிலத்தில், ‘ஆ’ அசையவில்லை. லாங்தோக் பக்கமும் ருவேர்க் பக்கமும் ‘ப்’ கூட அப்படியே நின்றது. அதனால் அங்கே கொல்லர் ‘ஃபாப்ரே’, பாரிஸ் உச்சரிப்பில் ‘ஃபாப்ர்’. பூச்சிகளின் வாழ்வை ஆண்டுக்கணக்காகக் குனிந்து பார்த்துப் பத்துத் தொகுதிகளாக எழுதிய ஜான்-ஆன்ரி ஃபாப்ர் (1823–1915) ருவேர்க்கின் சேன்-லெயோன் என்ற சிற்றூரில் பிறந்தார். அங்கிருந்து வடமேற்கே லிமூசேன் பக்கமோ வடகிழக்கே தோஃபினே பக்கமோ போனால் ‘ப்’ உடைந்து ‘உ’ ஒலியாகக் கரைந்திருக்கிறது. ‘ஃபாப்ரே’ அங்கே ‘ஃபௌரே’. பாரிஸ் உச்சரிப்பில் அதை இன்று ‘ஃபோர்’ என்கிறார்கள். 1895 முதல் 1899 வரை குடியரசுத் தலைவராக இருந்த ஃபெலிக்ஸ் ஃபோர் இந்தப் பெயர்க்காரர். திரேஃபுஸ் என்ற படை அதிகாரியின் வழக்கில் எழுத்தாளர் எமில் ஸோலா 1898-இல் பத்திரிகையில் வெளியிட்ட பகிரங்கக் கடிதம் இவருக்கு எழுதப்பட்டதுதான். தென்மேற்கே கஸ்கோன் மொழியில் சொல் முதலில் வரும் ‘ஃப்’ வெறும் ‘ஹ்’ ஆகிவிடும். அங்கே கொல்லர் ‘ஹௌரே’. கிழக்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்து சவாயில் ‘ஆ’ நிற்க ‘ப்’ மட்டும் ‘வ்’ ஆனது. அதுதான் ‘ஃபாவ்ர்’.

சவாய்க்காரர் ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். பியேர் ஃபாவ்ர் (1506–1546), ஆடு மேய்த்த சிறுவன், பாரிசுக்குப் படிக்கப் போனார். சேன்-பார்ப் கல்லூரியில் அவரோடு ஒரே அறையில் தங்கியவர் ஃபிரான்சிஸ் சேவியர். பின்னாளில் முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவே வந்து வேலை செய்த அதே சவேரியார். இருவரும் இயேசு சபையைத் தொடங்கியவர்களில் சேர்ந்தார்கள். லத்தீனில் எழுதும்போது ஃபாவ்ர் தம்மை ‘ஃபாபெர்’ என்று எழுதிக்கொண்டார். ஆங்கில நூல்களில் இன்றும் அவர் பீட்டர் ஃபாபெர்தான். 2013-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

ஒலியைப் போலவே முன்னொட்டும் ஊரைக் காட்டிக்கொடுக்கும். வடக்கேயும் மேற்கேயும் ‘லெ’ என்ற சுட்டுச்சொல் பெயரோடு ஒட்டிக்கொண்டது: லெஃபேவ்ர், லெருவா, லெப்ரேன், லெகிளேர். தெற்கே அந்த ஒட்டு பெரும்பாலும் இல்லை. கிழக்கின் ஃபிரான்ஷ்-கோம்தேயிலும் இல்லை. லூசியன் ஃபேவ்ரின் பெயரில் ‘லெ’ இல்லாததற்கு இதுவே காரணம். அந்த மாகாணத்தில் அதே ஒலிக்கு வேறொரு எழுத்துக்கூட்டலும் பரவலாக உண்டு.

பிரிட்டனியின் கதை வேறு. அங்கே பேசியது லத்தீன் வழி வந்த மொழியே அல்ல. பிரெத்தோன் கெல்டிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேல்ஸ் மொழிக்கும் கார்ன்வால் மொழிக்கும் நெருங்கிய உறவு. அதில் கொல்லர் ‘கோவ்’. ‘ஆர் கோவ்’ என்றால் ‘அந்தக் கொல்லர்’. பதிவேட்டை எழுதியவர்கள் பிரெஞ்சில் எழுதினார்கள். பிரெத்தோன் சுட்டுச்சொல்லை எடுத்துவிட்டுத் தங்கள் ‘லெ’யை முன்னே வைத்தார்கள். கொல்லரை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டார்கள். லெ கொஃப் என்பது இப்படிப் பாதி பிரெஞ்சு, பாதி பிரெத்தோன். கவிஞர் ஷார்ல் லெ கொஃபிக் (1863–1932) பெயரில் இருப்பது அதன் செல்ல வடிவம், சின்னக் கொல்லர். கடலுக்கு அப்பால் கார்ன்வாலில் அதே சொல் ‘ஆங்கோவ்’ என்ற குடும்பப்பெயராக இருக்கிறது. 1497-இல் ஆங்கில அரசனின் வரிக்கு எதிராகக் கார்ன்வால் மக்களைத் திரட்டிச் சென்ற மைக்கேல் ஜோசப், ஊரார் வாயில் ‘ஆன் கோவ்’. தொழிலால் அவர் கொல்லரேதான். அல்சாஸில் கொல்லர் ஜெர்மானிய ‘ஷ்மித்’. பாஸ்க் நாட்டில் பெயர் ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. ‘அரோஸ்தெகி’ என்றால் கொல்லர் வீடு, கொல்லுப்பட்டறை. அந்த ‘அரோட்ஸ்’ என்ற சொல்லும் இடத்துக்கு இடம் கொல்லரையும் தச்சரையும் குறிக்கும்.

இனி அந்த ஒலிக்காத எழுத்து. பிரான்சில் மிகப் பரவலான வடிவமான லெஃபேவ்ர் என்ற பெயரில் ‘வி’க்கு முன்னால் ஒரு ‘பி’ (b) இருக்கிறது. யாரும் அதை உச்சரிப்பதில்லை. பி இருக்கிற லெஃபேவ்ரும் பி இல்லாத லெஃபேவ்ரும் காதுக்கு ஒன்றே. தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது ‘பி உண்டு’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த பி வாயிலிருந்து வந்ததல்ல, பேனாவிலிருந்து வந்தது. இடைக்காலத்தின் கடைசியிலும் பதினாறாம் நூற்றாண்டிலும் எழுத்தர்கள் லத்தீன் படித்தவர்கள். பிரெஞ்சுச் சொற்களுக்கு லத்தீன் வேரை நினைவூட்டும் எழுத்துகளைச் சேர்ப்பது அவர்களுக்குப் படிப்பின் அடையாளம். விரலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் ஒலிக்காத ஒரு ‘ஜி’, காலத்தைக் குறிக்கும் சொல்லில் ஒலிக்காத ஒரு ‘பி’ (p) எல்லாம் அப்படி வந்தவை. ‘ஃபாபெர்’ என்ற சொல்லில் பி இருக்கிறதே, ஃபேவ்ரிலும் இருக்கட்டும் என்று சேர்த்தார்கள்.

இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. எனக்கு அதுவே வலுவானதாகப் படுகிறது. அந்தக் காலத்துக் கையெழுத்தில் ‘யு’வும் ‘வி’யும் ஒரே எழுத்து. ஏட்டில் அந்தப் பெயரைப் பார்க்கிறவர் நடு எழுத்தை உயிராகவும் படிக்கலாம், மெய்யாகவும் படிக்கலாம். முன்னால் ஒரு பி-யைப் போட்டுவிட்டால், அடுத்து வருவது மெய், ‘வ்’ என்று வாசி என்பதற்கு அது குறிப்பு. பி என்பது இங்கே எழுத்து அல்ல, வாசகனுக்குக் காட்டிய கைகாட்டி.

கைகாட்டியையே ஊர் என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். யு-வும் வி-யும் தனித்தனி எழுத்துகளாகப் பிரிந்தபின் பழைய ஏட்டைப் புரட்டிய சிலர், பி-யையும் உச்சரித்து, அடுத்ததை யு என்றும் வாசித்தார்கள். ‘லெஃபேபூர்’ என்ற புதிய பெயர் பிறந்தது. எந்தக் கிராமத்திலும் எந்தக் கொல்லரையும் எவரும் ‘ஃபேபூர்’ என்று கூப்பிட்டதில்லை. கண் செய்த பெயர் அது. ஆனாலும் அது உண்மையான குடும்பங்களின் உண்மையான பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆர்கன் கலைஞர் லெஃபேபூர்-வெலி, பியானோ கலைஞர் இவோன் லெஃபேபூர் இருவரும் அதை மேடையேற்றினார்கள்.

பி இல்லாத வடிவத்துக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. பிக்கார்டிக் கடற்கரையின் எத்தாப்ல் ஊர்க்காரரான ஜாக் லெஃபேவ்ர், 1523-இல் புதிய ஏற்பாட்டையும் 1530-இல் முழு விவிலியத்தையும் பிரெஞ்சில் தந்தவர். லத்தீன் நூல்களில் அவர் பெயர் ‘யாக்கோபுஸ் ஃபாபெர் ஸ்தாபுலென்சிஸ்’, எத்தாப்ல் ஊர் ஃபாபெர் ஜாக். பெயருக்குப் பொருள் என்ன என்று அகராதி பார்க்கத் தேவையில்லாமல், பெயருக்கு உரியவரே மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்.

ஏன் கொல்லர்? உழவர்தானே ஊரில் மிகுதி?

மிகுதியாக இருந்ததாலேயே உழவருக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை. பதினொன்றாம் நூற்றாண்டுவரை பிரான்சில் ஒருவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்றே. மக்கள்தொகை பெருகி, ஊரில் பத்து ழான், எட்டு பியேர் என்று ஆனபோது, எந்த ழான் என்று கேட்டவருக்கு அடையாளம் சொல்ல வேண்டி வந்தது. எல்லாரும் ஏர் பிடிக்கிற ஊரில் ‘உழவர் ழான்’ என்றால் யாருக்கும் விளங்காது. ‘கொல்லர் ழான்’ என்றால் ஒருவர்தான். ஊருக்கு ஒரு பட்டறை, ஒரு துருத்தி, ஒரு பட்டடைக்கல். ஏர்க்கொழு தேய்ந்தாலும் அரிவாள் மழுங்கினாலும் குதிரைக்கு லாடம் கழன்றாலும் எல்லா வழியும் அந்த வாசலுக்கே போகும். குதிரை ஏர் இழுக்கவும் இரும்புக் கொழு ஆழ உழவும் தொடங்கிய அதே நூற்றாண்டுகளில்தான் குடும்பப்பெயர்களும் உருவாயின. இந்த இரண்டும் ஒரே காலத்தில் நடந்தது இந்தப் பெயரின் பெருக்கத்துக்கு அடிப்படை. ஒவ்வொரு ஊரும் தன் கொல்லருக்குத் தானே பெயர் வைத்தது. ஆகவே இரண்டு லெஃபேவ்ர்கள் சந்தித்தால் அவர்கள் உறவினர் என்று எண்ணக் காரணமே இல்லை. ஆயிரம் பட்டறைகளில் ஆயிரம் முறை பிறந்த பெயர் இது.

பெயர் பிறந்த காலத்தை இன்னொரு வழியிலும் உறுதி செய்யலாம். இன்றைய பிரெஞ்சில் கொல்லர் ‘ஃபோர்ஜெரோன்’. பட்டறையைக் குறிக்கும் ‘ஃபோர்ஜ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த ‘ஃபோர்ஜ்’ லத்தீன் ‘ஃபாப்ரிக்கா’வின் தேய்ந்த வடிவம். அதாவது ஃபாபெரின் வேலையிடம். லாஃபோர்ஜ், தேஃபோர்ஜ் என்று பட்டறையின் பெயரில் குடும்பங்கள் நிறைய. ஆனால் ஃபோர்ஜெரோன் என்ற குடும்பப்பெயர் அரிது. அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தபோது கொல்லர் குடும்பங்களுக்கெல்லாம் பெயர் அமைந்து முடிந்திருந்தது. புதிய சொல் மொழியை வென்றது. பழைய சொல் பெயர்களில் தங்கியது.

லாடம் அடிப்பவருக்கு ஜெர்மானியர் வழி வந்த வேறொரு சொல்லும் இருந்தது: ‘மாரேஷால்’. குதிரைச் சேவகர் என்பது மூலப்பொருள். அரண்மனை லாயத்தில் வேலை பார்த்த அந்தச் சொல் ஒரு கிளையில் லாடக்காரராக ஊரிலேயே நின்றது, இன்னொரு கிளையில் படைத்தலைவராக உயர்ந்தது. அல்சாஸின் ரூஃபாக் ஊரில் 1755-இல் பிறந்த ஃபிரான்சுவா ஜோசப் லெஃபேவ்ரை நெப்போலியன் 1804-இல் மாரேஷால் ஆக்கினார். 1807-இல் டான்சிக் நகரை முற்றுகையிட்டு வென்றதற்காக அந்நகரின் பெயரால் கோமகன் பட்டமும் கொடுத்தார். மாரேஷால் லெஃபேவ்ர் என்று படிக்கும்போது பேரரசின் படைத்தலைவர் ஒருவரை நினைக்கிறோம். இரண்டு சொல்லுக்கும் வேர் தேடினால் குதிரை லாயமும் கொல்லுப்பட்டறையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

பெயர் பிறந்தது ஊர் வாயில். அது உறைந்தது அரசின் ஏட்டில். 1539 ஆகஸ்டில் முதலாம் ஃபிரான்சுவா மன்னர் வில்லேர்-கோத்தரே கோட்டையில் 192 பிரிவுகள் கொண்ட ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். அதன் 51-ஆம் பிரிவு, பங்குக் கோவில்கள் ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டும் என்றது. 111-ஆம் பிரிவு, நீதி ஆவணங்கள் எல்லாம் இனி பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும் என்றது. பெயரை எழுது, பிரெஞ்சில் எழுது: ஒரே ஆணையின் இரண்டு கைகள். இரண்டாவது பிரிவையே பிரான்ஸ் இன்று விழாவாகக் கொண்டாடுகிறது. பழுது பார்த்த அந்தக் கோட்டையில் 2023-இல் பிரெஞ்சு மொழிக்கான பெரிய மையம் திறக்கப்பட்டது. பெயர்களைப் பொறுத்தவரை முதல் பிரிவே பெரியது என்பேன். பாதிரியார் கேட்டபடி எழுதினார். தெற்கத்தியப் பாதிரியாரின் காதில் ‘ஃபாப்ரே’ விழுந்தது, லிமூசேனில் ‘ஃபௌரே’, சவாயில் ‘ஃபாவ்ர்’. ஒரே குடும்பத்து அண்ணனும் தம்பியும் இரண்டு எழுத்துக்கூட்டலில் பதிவானதும் உண்டு. அப்போது அது யாரையும் உறுத்தவில்லை.

உறுத்தத் தொடங்கியது புரட்சிக் காலத்தில். 1794-ஆம் ஆண்டின் இரண்டு நாட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜூன் 4 அன்று, ஆயர் கிரெகுவார் தேசிய மன்றத்தின் முன் ஓர் அறிக்கை வைத்தார். வட்டார மொழிகளை ஒழித்துப் பிரெஞ்சை எங்கும் பரப்ப வேண்டியதன் அவசியம் என்பதே அதன் தலைப்பு. 1790-இல் 43 கேள்விகள் கொண்ட படிவத்தை நாடெங்கும் அனுப்பி விவரம் சேகரித்தவர் அவர். குறைந்தது அறுபது லட்சம் பேருக்குப் பிரெஞ்சு தெரியாது, அதைச் சுத்தமாகப் பேசுகிறவர்கள் முப்பது லட்சத்துக்கு மேல் இல்லை என்பது அவர் கணக்கு. அதற்குச் சரியாக எண்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று, அதே மன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் தாங்கக் கூடாது. தன் பெயரோடு புதிய ஒட்டு எதையும் சேர்க்கவும் கூடாது.

முதல் அறிக்கை ஒக்சித்தானையும் பிரெத்தோனையும் பாஸ்க்கையும் அழிக்கச் சொன்னது. இரண்டாவது சட்டம் அந்த மொழிகளில் அமைந்த பெயர்களை இனி எவரும் தொட முடியாதபடி பூட்டியது. இந்த இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று மன்றத்தில் எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் பின்னால் வந்து கிரெகுவாரின் வேலையைச் செய்து முடித்தது. வகுப்பில் பிரெத்தோன் பேசிய பிள்ளைகள் தண்டனை பெற்றார்கள். அதே பிள்ளைகளின் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து ஆசிரியர் தினமும் வாசித்தார்: லெ கொஃப். அவர் தடை செய்த மொழியின் சொல் அது.

அந்த ஆகஸ்ட் சட்டத்தின் தேதி புரட்சி நாட்காட்டிப்படி ஃபிரூக்திதோர் மாதம் 6. ஃபிரூக்திதோர் உள்ளிட்ட பன்னிரண்டு மாதங்களுக்கும் பெயர் வைத்தவர் ஒரு கொல்லர் பெயர்க்காரர், கார்கசோனில் பிறந்த நாடகாசிரியர் ஃபாப்ர் தெக்லாந்தேன். குடும்பப்பெயர் ஃபாப்ர் மட்டும்தான். தூலூஸ் கவிதைப் போட்டியின் பொன் காட்டுரோஜாப் பரிசை வென்றதாகச் சொல்லி ‘தெக்லாந்தேன்’ என்பதைத் தாமே சேர்த்துக்கொண்டார். சட்டம் தடுத்தது இப்படிப்பட்ட ஒட்டைத்தான். அதைப் பார்க்க அவர் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 5 அன்றே புரட்சித் தலைவர் தாந்தோனோடு அவர் தலையும் கில்லட்டினில் விழுந்திருந்தது.

சட்டம் வழியே நிலைக்கும் குடும்பப்பெயர் என்ற இந்த ஏற்பாடு புதுச்சேரிக்கும் வந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, தம் சமூக வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வர விரும்பியவர்கள் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டியிருந்தது. தந்தை பெயரை முன்னெழுத்தாக வைத்துத் தலைமுறைதோறும் மாறிக்கொண்டே போகும் நம் வழக்கத்துக்கு நேர்மாறானது அது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ‘லாப்போர்த்’ என்ற பெயரை ஏற்றார். வாசல் என்று பொருள். ஃபேவ்ருக்கு ஊர் வைத்த பெயர் ஆறு நூற்றாண்டில் உறைந்தது. புதுச்சேரியில் ஒருவர் தாமே பொருள் அறிந்து ஒரு பெயரைத் தேர்ந்து, ஒரு கையெழுத்தில் அதைச் சந்ததிக்கெல்லாம் உரியதாக்கினார்.

கடல் கடந்த லெஃபேவ்ர்களுக்குப் பூட்டு அவ்வளவு இறுகவில்லை. கனடாவின் கியூபெக்கில் ஒரே பெயருடைய குடும்பங்களைப் பிரித்தறிய ‘தீ’ என்ற சொல்லால் இன்னொரு பெயரைச் சேர்ப்பார்கள். நம் பத்திரங்களில் ‘என்கிற’ போடுவது போல. ‘லெஃபேவ்ர் என்கிற புலாஞ்ஜே’ என்றொரு குடும்பம் அங்கே உண்டு. புலாஞ்ஜே என்றால் ரொட்டி சுடுபவர். வழித்தோன்றல்களில் பலர் முன்பாதியை விட்டுவிட்டார்கள். அடுப்பு மாறியது, அவ்வளவே. கியூபெக்கிலிருந்து நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைகளுக்கு வேலை தேடிப் போனவர்களில் சில லெஃபேவ்ர் குடும்பங்கள் ஆங்கிலத்தில் ‘பீன்’ என்ற பெயர் பெற்றன. ‘ஃபேவ்’ என்றால் பிரெஞ்சில் மொச்சை. கடைசி ‘ர்’ காதில் சரியாக விழாத ஒருவர், ஃபேவ்ரை ஃபேவ் என்று எடுத்து மொழிபெயர்த்துவிட்டார். மதக் கொடுமைக்குத் தப்பிப் போன சீர்திருத்த சபையினரில் சீமோன், ஆந்த்ரே என்ற லெஃபேவ்ர் சகோதரர்கள் நியூயார்க்கின் வடக்கே நியூ பால்ட்ஸ் ஊரை 1670-களின் இறுதியில் நிறுவிய பன்னிருவரில் இருவர். அவர்கள் வழியினர் பெயர் மாறவில்லை. அங்கே பி-யும் இல்லை.

பரவலுக்கு வருவோம். தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே, 1891 முதல் 1990 வரை பிரான்சில் பதிவான பிறப்புகளைக் கொண்டு குடும்பப்பெயர்களைத் தொகுத்திருக்கிறது. ஏறத்தாழ 13 லட்சம் வெவ்வேறு பெயர்கள். முதலிடம் ‘மார்த்தேன்’. அடுத்து பெர்னார். பி உள்ள லெஃபேவ்ர் முதல் இருபதுக்குள் வருகிறது. பி இல்லாத லெஃபேவ்ர், ஃபோர், ஃபாப்ர் மூன்றும் முதல் நூறுக்குள் வருகின்றன. ஃபிரான்ஷ்-கோம்தேயின் ஃபேவ்ர், மேற்கின் லெஃபொவ்ர், சவாயின் ஃபாவ்ர், பிரிட்டனியின் லெ கொஃப், அல்சாஸின் ஷ்மித் ஆகியவை தனித்தனி வரிகளில் இருக்கின்றன.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கொல்லரான ஸ்மித்துக்கே முதலிடம். ஜெர்மனியில் ஷ்மித் இரண்டாவது. இத்தாலியில் ஃபெராரி மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. பிரான்சில் மட்டும் கொல்லர் பின்தங்கியது போலத் தெரிகிறதே, ஏன்? பட்டறைகள் குறைவாக இருந்ததால் அல்ல. மார்த்தேன் என்பது தூர் நகரத்துப் புனித மார்த்தேனின் பெயர். ஞானஸ்நானப் பெயராக வந்ததால் லீலிலும் மார்செய்யிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டது. அதைப் பிளக்க எந்த ஒலிவிதியும் வரவில்லை. கொல்லர் என்பது வாயில் புழங்கிய சொல். ஒவ்வொரு மலைச்சரிவும் அதைத் தன் போக்கில் உச்சரித்தது. கணினி எழுத்தை எண்ணும், பொருளை எண்ணாது. ஒரே பொருளுடைய இந்தப் பெயர்களையெல்லாம் ஒரே வரியில் கூட்டினால் பட்டியலின் தலை மாறிவிடும் என்பதே என் முடிவு.

இன்சே பதிவுகளை மாவட்ட வாரியாகப் பிரித்தால், பி உள்ள லெஃபேவ்ர் நோர், பா-த-கலே, சோம் மாவட்டங்களிலும் நார்மண்டியிலும் அடர்ந்திருக்கிறது. ஃபாப்ர், அவேரோனிலும் ஏரோவிலும். லெ கொஃப், ஃபினிஸ்தேரிலும் அதை ஒட்டிய கடற்கரையிலும். ரயிலும் ஆலையும் இரண்டு உலகப் போர்களும் மக்களை இடம் மாற்றிய நூற்றாண்டில்கூட இந்த அடர்த்தி முழுக்கக் கலையவில்லை.

1977-இல் ஃபினிஸ்தேரின் லாம்போல்-புளுதால்மெசோ என்ற சிற்றூரில் ‘திவான்’ என்ற பெயரில் பிரெத்தோன் வழிப் பள்ளி ஒன்று தொடங்கியது. விதை முளைத்தல் என்று பொருள். பெற்றோர்கள் கூடி, விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு தொடங்கியது. பிறகு பிரிட்டனி முழுக்கப் பள்ளிகள் வந்தன. அங்கே தொழில்களின் பெயர்களைக் கற்கும் பாடத்தில் ‘கோவ்’ என்ற சொல் வரும்போது, லெ கொஃப் என்ற பெயருள்ள ஒரு பிள்ளை தன் குடும்பப்பெயரைச் சொல்லாகவே சந்திக்கிறது. லீல் நகர வகுப்பில் இருக்கும் லெஃபேவ்ருக்கு அப்படி ஒரு பாடம் வராது. அங்கே கொல்லரைக் குறிக்கப் புத்தகத்தில் இருப்பது ஃபோர்ஜெரோன் என்ற சொல்.